புதுக்கருக்கு அழியாத அமெரிக்க நாணயங்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான அமெரிக்க நாணயங்களில் எது அரியது என்பதை, எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கைக் கொண்டு சொல்வதே வழக்கம். புழக்கம் படாத நாணயங்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பாதிதான் உதவும். வெளிவந்த புதிதில் யாராவது நாணயத்தை எடுத்து வைத்தார்களா என்பதே மீதியைத் தீர்மானிக்கிறது. 1909 ஆகஸ்டில் வெளியான லிங்கன் சென்ட்டின் பின்புறத்தில் சிற்பி விக்டர் டேவிட் பிரென்னரின் தலைப்பெழுத்துகளான ‘வி.டி.பி.’ எடுப்பாகத் தெரிந்தன. கண்டனம் கிளம்பவே சில நாள்களில் அவற்றை நீக்கினார்கள். சேதி கேட்ட மக்கள் பழையதைப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் சான் பிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டுமே அடித்திருந்தும், புதுக்கருக்கு அழியாத காசுகள் பணம் கொடுத்தால் இன்றும் கிடைக்கின்றன. 1916இல் டென்வரில் அடித்த 2,64,000 மெர்குரி டைம்களுக்கு (பத்து சென்ட் நாணயங்களுக்கு) அந்த யோகம் இல்லை. கால் டாலர் தேவைப்பட்டதால் டைம் அச்சடிப்பைப் பாதியில் நிறுத்தியதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. பின்புறத்துக் கழிக்கட்டின் குறுக்குப் பட்டைகள் மழுங்கிப் போனவையே இன்று மிகுதி. பிலடெல்பியா டைமில் டென்வரின் அச்சகக் குறியான ‘டி’ எழுத்தை ஒட்டி விற்கும் மோசடிக்கும் இந்தப் பஞ்சமே காரணம். அச்சகக் குறி பார்த்துச் சேகரிப்பதை 1893லேயே அகஸ்டஸ் ஹீட்டன் நூல் எழுதி வலியுறுத்தினார். ஆனால் ஆண்டுக்கும் அச்சகத்துக்கும் தனித்தனிக் குழி வைத்த அட்டைகள் 1930களில் வந்த பிறகுதான் சாதாரண மக்கள் சில்லறையைத் துழாவத் தொடங்கினார்கள். அதற்குள் முந்தைய காசுகள் தேய்ந்திருந்தன.

குறைவாக அடித்தது குறைவாகத்தானே கிடைக்கும் என்று கேட்கலாம். 1926இல் சான் பிரான்சிஸ்கோவில் 45 லட்சத்துக்கு மேல் சென்ட் அடித்தார்கள். செம்புச் சிவப்பு மாறாத உயர்தரக் காசு அதில் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1903இல் நியூ ஆர்லியன்சில் வெள்ளி டாலரும் ஏறக்குறைய அதே அளவில் அச்சானது. புழங்காத டாலர் அபூர்வம் என்று நம்பி வாங்கியவர்கள், 1962 கடைசியில் கருவூல மூட்டைகள் வெளியே வந்ததும் விலை சரிந்ததைக் கண்டார்கள். தங்கத்தின் கதை வேறு. 1927இல் டென்வரில் அடித்த 1,80,000 இருபது டாலர் நாணயங்கள் ஏறத்தாழ முழுவதும், அரசு தங்க நாணயங்களைத் திரும்பப் பெற்ற 1933க்குப் பின் உருக்கப்பட்டன. அங்கே அழித்தது புழக்கம் அல்ல, அரசு.

தரம் என்பதே வியாபாரிகளின் அபிப்பிராயம் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. 1949இல் வில்லியம் ஷெல்டன் 1 முதல் 70 வரை வகுத்த அளவுகோல், ஆரம்பகாலப் பெரிய செம்பு சென்ட்டுகளுக்கு விலை குறிக்கப் பிறந்தது. பின்னால் எல்லா நாணயங்களுக்கும் அதைப் பொருத்தினார்கள். 64க்கும் 65க்கும் நடுவே உள்ள கோடு பார்ப்பவரைப் பொறுத்து நகரும். ஆனால் புழங்கியதும் புழங்காததும் அப்படி அல்ல. அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிநோக்கி வழிந்து விட்ட நுண்கோடுகளே சாய்த்துப் பிடிக்கையில் சுழலும் ஒளியைத் தருகின்றன. மேடான இடங்களில் அந்தக் கோடுகள் ஒருமுறை தேய்ந்தால், மெருகேற்றி மீட்க முடியாது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் தரமிட்டுப் பிளாஸ்டிக் உறையில் மூடித் தரத் தொடங்கியபின், எத்தனை மிஞ்சின என்பதற்கு ஒரு பட்டியல் கிடைத்தது. உயர்ந்த எண் கிடைக்கும் என்று உறையை உடைத்து மறுபடி அனுப்புவோர் இருப்பதால், ஒரே நாணயம் அதில் இரண்டு மூன்று முறை பதிவாவதும் உண்டு.