மீந்த கால்: கோழித்தொடையின் விலை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு பல்பொருள் அங்காடியில் கோழித்தொடை தள்ளுபடியில் கிடைத்தது. பழைய விலையை அடித்து, பக்கத்திலேயே புது விலை ஒட்டியிருந்தார்கள். தட்டுக்கு ஆறு வீதம் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு காணைக்கு பஸ் ஏறினேன். வீட்டில் ஆயா பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டது: "பன்னெண்டு காலு. அப்போ ஆறு கோழி. மீதி ஒடம்பெல்லாம் எங்கடா போச்சு?"

இது வெகுளித்தனமான கேள்வி அல்ல. ஒரு கோழியை முழு உடலாக மட்டுமே அறிந்த தலைமுறை, துண்டுகளாக மட்டுமே அறியும் காலத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி.

எங்கள் வீட்டில் கோழி அடித்தால் தொடை யாருக்கு என்பது அடிக்கும் முன்பே முடிவாகிவிடும். மருமகன் வந்திருந்தால் அவருக்கு ஒன்று, தாத்தாவுக்கு ஒன்று. ஈரல் பிள்ளைகளுக்கு. கடைசியில் சட்டியை வழிக்கும்போது ஆயாவுக்குக் கழுத்தும் முதுகெலும்பும். "கழுத்துலதான்டா ருசி" என்று அது சொல்வதை நான் வெகுகாலம் நம்பினேன். கால் என்றாலே கீழானது எனச் சொல்லும் மரபில் கோழியின் கால் மட்டும் எப்படி மேலேறியது? சதை எங்கே அதிகமோ அங்கே அதிகாரம் கை வைக்கிறது, அவ்வளவுதான். பரிமாறும் கரண்டி குடும்பத்தின் படிநிலையைத் தினமும் மறுபடி எழுதிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு தலைகீழ். 1923-இல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண் 50 குஞ்சு கேட்டிருக்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவற்றைக் கறிக்காகவே வளர்த்து விற்றார். கறிக்கோழித் தொழிலின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். 1948-இல் 'நாளைய கோழி' என்ற போட்டியின் தேசிய இறுதிச்சுற்று நடந்தது. புரவலர் ஏ அண்டு பி என்ற பெரிய மளிகைக் கடைத்தொடர். நெஞ்சு புடைத்த, சீக்கிரம் வளரும் கோழி வேண்டும் என்பது நோக்கம். கடையின் தேவை பறவையின் உடலுக்குள் புகுந்த தருணம் இது. பின்னர் எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறி உயர்ந்த பண்டமானது. வெள்ளைக்கறி உடம்புக்கு நல்லது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. கால் மீந்தது.

மீந்ததை எங்கே தள்ளுவது? 1990-இல் புஷ்ஷும் கோர்பச்சேவும் செய்துகொண்ட வணிக உடன்பாட்டையடுத்து உறைந்த கோழிக்கால்கள் கப்பல் கப்பலாக அங்கே போயின. ரஷ்ய மக்கள் 'புஷ் கால்கள்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு வல்லரசு உடைந்த நேரத்தில் அதன் ஏழைகளுக்குப் பசி தீர்த்ததும் அதுதான், அவமானமாக உறுத்தியதும் அதுதான்.

இந்தியாவுக்கும் அந்தக் கால்கள் வர முயன்றன. 2001 ஏப்ரலில் அளவுக் கட்டுப்பாடுகள் முற்றாக நீங்கியபோது கோழிக்காலுக்கு 100 விழுக்காடு தீர்வை வேலியாக நின்றது. 2007-இல் பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி அமெரிக்கக் கோழி தடுக்கப்பட்டது. அமெரிக்கா 2012-இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டது. 2015 ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் இந்தியாவுக்கு எதிராகவே வந்தது. நம் விவசாயியைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அப்போது இங்கே ஓங்கி ஒலித்த வாதம். நியாயம்தான். ஆனால் யார் அந்த விவசாயி என்று கேட்கவேண்டியிருக்கிறது.

1971-இல் புனேயில் பி. வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரிஸைத் தொடங்கினார். 1984-இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் சுகுணா தொடங்கியது. தொண்ணூறுகளில் ஒப்பந்த வளர்ப்பு முறை கொங்குப் பகுதியிலிருந்து பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு விவசாயியுடையது. ஏறக்குறைய 40 நாளில் கோழி இரண்டு கிலோவைத் தொடும். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். வளர்த்தவருக்குக் கிலோக் கணக்கில் வளர்ப்புக் கூலி. கொள்முதல் விலையைப் பல்லடத்தில் உள்ள ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது.

இதை ஆயாவின் காலத்து 'வாரத்துக்கு விடுவது' என்ற வழக்கோடு வைத்துப் பார்க்கலாம். கோழி இல்லாதவளுக்கு ஒருத்தி பெட்டைக்கோழியைக் கொடுப்பாள். பொரிக்கும் குஞ்சில் பாதி வளர்த்தவளுக்கு. இரண்டிலும் கோழி இன்னொருவருடையதுதான். ஆனால் வாரத்தில் வளர்த்தவள் ஒருநாள் உடைமைக்காரியாக முடியும். ஒப்பந்தத்தில், ஆயிரமாயிரமாய் வளர்த்தாலும் ஒரு குஞ்சுகூடச் சொந்தமாவதில்லை. சொந்த நிலத்திலேயே கூலி.

இழப்பு அதோடு நிற்கவில்லை. முட்டையும் கோழியும் விற்ற காசு ஆயாவின் சிறுவாடு. தாத்தாவுக்குக் கணக்குச் சொல்லவேண்டாத காசு அது ஒன்றுதான். என் பள்ளிக்கூட நோட்டுகள் அதில் வாங்கியவை. கழிச்சல் கண்டு ஒரே வாரத்தில் கோழிகள் சாய்ந்தபோது ஆயா அழுதது கோழிக்காக மட்டுமல்ல. பிராய்லர் கடை வந்த பிறகு அது மறுபடி கோழி வைக்கவில்லை. "யாருடா வாங்குவா?" என்றது.

ஆகவே பிராய்லரைச் சபித்துவிட்டு நாட்டுக்கோழிப் பொற்காலத்துக்கு ஏங்கும் பண்பாட்டுப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பொற்காலத்தில் ஆயாவுக்குக் கிடைத்தது கழுத்து. ஆண்டுக்கு நாலைந்து முறை கறி பார்த்த வீடுகள், குறிப்பாகச் சேரி வீடுகள், வாராவாரம் கறி தின்ன முடிந்தது பிராய்லரால்தான். அதை ஜனநாயகம் என்று கொண்டாடவும் முடியவில்லை. தொடையைத் தின்ன உரிமை வந்தது. கோழியை வைத்திருக்கும் உரிமை போனது. உற்பத்தியாளராக இருந்த பெண்ணை நுகர்வோராக மாற்றியதற்குக் கொடுத்த ஈடுதான் இந்த மலிவு.

அன்றைக்குக் குழம்பு வைத்ததும் முதல் தொடையை ஆயாவின் தட்டில் வைத்தேன். தின்றது. "மெத்துனு இருக்கு" என்றது. பிறகு எலும்பை வெளியே போடப் போனது, வழக்கம்போல் வாசலில் நின்று "பா... பா..." என்று கூப்பிட்டது. ஒரு கோழியும் வரவில்லை.