தெலங்கானா உழவர் எழுச்சி (1946–1951): வறுமையும் நில அதிகாரமும்

முன்னுரை

ஊரகப் பகுதிகளில் பொதுவுடைமை இயக்கம் ஆயுதப் போராட்டமாக வளர்ந்ததற்கு வறுமையே காரணம் என்பது பரவலான விளக்கமாகும். ஆயினும் வறுமை நிலவிய ஊர்கள் பல. எழுச்சி நிகழ்ந்த ஊர்கள் சில. ஐதராபாத் சமஸ்தானத்தில் 1946 முதல் 1951 வரை நடைபெற்ற தெலங்கானா ஆயுதப் போராட்டம் இந்த வேறுபாட்டை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகிறது. சமஸ்தானத்தின் 16 மாவட்டங்களுள் 8 தெலங்கானாவைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் நல்கொண்டா, வாரங்கல் ஆகிய இரண்டிலேயே போராட்டம் ஆழமாக வேரூன்றியது. இன்றைய கம்மம் பகுதி அன்று வாரங்கலில் அடங்கியிருந்தது. அங்கு மக்களைத் திரட்டியது வறுமை மட்டுமன்று. நிலவுடைமையோடு பிணைந்திருந்த கட்டாய உழைப்பும் அதிகாரமுமாகும். அவ்வதிகாரத்திற்கு எதிராக உருவான கூட்டணியின் உள்முரண்பாடே போராட்டத்தின் எல்லையையும் வகுத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நிலவுடைமை அமைப்பு

சமஸ்தானத்து நிலத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு அரசுக்கு நேரடியாக வரி செலுத்திய திவானி நிலம். 30 விழுக்காடு ஜாகீர் நிலம். எஞ்சிய 10 விழுக்காடு நிஜாமின் சொந்த வருவாய்க்குரிய சர்ப்-இ-காஸ் நிலம். திவானிப் பகுதியில் பயிரிடுவோரே பட்டாதாரர் என்பது சட்டத்தின் நிலை. நடைமுறை வேறாக இருந்தது. தேஷ்முக், தேஷ்பாண்டே எனப்பட்டோர் முன்பு வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் சாலார் ஜங் மேற்கொண்ட சீர்திருத்தத்தால் அவ்வுரிமை நீங்கியது. ஈடாக ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கப்பட்டது. ஆனால் ஊர்க் கணக்குகளின் மீது அவர்களுக்கிருந்த செல்வாக்கு குறையவில்லை. நில அளவையின்போது வளமான நிலங்களைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டனர். பல தலைமுறைகளாக உழுதவர்கள் குத்தகையாளராகத் தாழ்ந்தனர்.

போராட்டத் தலைவர்களுள் ஒருவரான பு. சுந்தரய்யா 1972இல் வெளியிட்ட நூலில், விசுனூர் தேஷ்முக்கிடம் 40,000 ஏக்கரும் சூரியாப்பேட்டை வட்டத்து ஜன்னாரெட்டி குடும்பத்திடம் 1,50,000 ஏக்கரும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். இவை இயக்கத்தின் தரப்பிலிருந்து வந்த கணக்குகள் என்பதை ஆய்வாளர் நினைவில் கொள்ளவேண்டும். நிலக்குவிப்பு மிகப் பெரிய அளவில் நிகழ்ந்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வெட்டி என்னும் அதிகாரம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊதியமற்ற கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘வெட்டி’ என்னும் சொல், தெலங்கானாவில் 20ஆம் நூற்றாண்டிலும் நடைமுறையாகவே வாழ்ந்தது. நிலக்கிழார் வீட்டுக்குத் தாழ்த்தப்பட்டோர் ஆள் அனுப்பவேண்டும். செருப்பும் தோற்பொருள்களும் செய்து தரவேண்டும். சலவைத் தொழிலாளர், குயவர், நாவிதர், நெசவாளர், கள்ளிறக்குவோர் ஆகியோர் தத்தம் தொழிலின் பயனை விலையின்றி அளிக்கவேண்டும். உழவர்கள் தம் வயலை விட்டுவிட்டுக் கிழாரின் நிலத்தை முதலில் உழவேண்டும். கடனுக்கு ஈடாகத் தலைமுறைதோறும் உழைத்த ‘பகேலா’ முறையைக் கட்டுப்படுத்த 1936இல் ஒழுங்குவிதி வந்தும், ஊரில் அதை நிறைவேற்றும் பொறுப்பு கிழாரின் செல்வாக்குக்கு உட்பட்ட அலுவலரிடமே இருந்தது.

வறுமைக்கும் வெட்டிக்கும் இடையிலான வேறுபாடு இங்கு இன்றியமையாதது. வறுமை நிலமற்றோரையும் சிறு உழவரையும் வாட்டியது. வெட்டியோ நிலமுள்ள நடுத்தர உழவரையும் இழிவுபடுத்தியது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது விளைபொருள் விலை வீழ்ந்து, கடனில் மூழ்கிய உழவர் நிலம் இழந்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரசு நடத்திய கட்டாயத் தானியக் கொள்முதலின் சுமை சிறு, நடுத்தர உழவர் மீதே விழுந்தது, பெருங்கிழார்கள் தப்பினர். வெவ்வேறு நிலையினர் ஒரே எதிரியைக் கண்ட சூழல் இவ்வாறு உருவானது.

சங்கமும் எழுச்சியும்

1930இல் ஜோகிப்பேட்டையில் முதல் மாநாட்டைக் கூட்டிய நிஜாம் ஆந்திர மகாசபை, தொடக்கத்தில் மொழி, கல்வி, நூலகம் ஆகியவற்றில் நாட்டம் கொண்ட படித்தோரின் அமைப்பாகவே இருந்தது. 1944இல் புவனகிரி மாநாட்டில் ரவி நாராயண ரெட்டி தலைமையில் இடதுசாரிகளின் கை ஓங்கியது. அதன்பின் வெட்டி ஒழிப்பும் குத்தகையாளர் வெளியேற்றத் தடுப்பும் முதன்மைக் கோரிக்கைகளாயின. ஊர்மக்கள் அதனைச் ‘சங்கம்’ என்றே அழைத்தனர். நல்கொண்டாவும் வாரங்கலும் சென்னை மாகாணத்தின் கிருஷ்ணா, குண்டூர் மாவட்டங்களை ஒட்டியிருந்ததால், அங்கு வலுவாயிருந்த கட்சியின் ஆள்துணையும் பொருள்துணையும் எளிதில் கிடைத்தன. ஏனைய மாவட்டங்களில் வறுமையும் வெட்டியும் இருந்தும் எழுச்சி வலுப்பெறாமைக்கு இந்த அமைப்பு வேறுபாடு ஒரு முக்கியக் காரணமாகும்.

பாலகுர்த்தியில் சலவைத் தொழிலாளர் சாதியைச் சேர்ந்த சித்யால ஐலம்மாவின் விளைச்சலைப் பறிக்க விசுனூர் தேஷ்முக் முயன்றபோது, சங்கத்தார் அறுவடையை அவர் வீட்டில் சேர்த்தனர். 1946 சூலை 4 அன்று கடவெண்டியில் தேஷ்முக்கின் ஆள்கள் ஊர்வலத்தின்மீது சுட்டதில் தொட்டி கொமரய்யா உயிரிழந்தார். கம்பும் கவணும் ஏந்திய மக்கள் ஊர் ஊராகச் சென்று வெட்டி ஒழிந்ததென அறிவித்தனர். 1947இல் நிஜாம் இந்திய ஒன்றியத்தில் இணைய மறுத்ததும், காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படை ஊர்களைச் சூறையாடியதும் தற்காப்பை ஆயுதப் போராக மாற்றின. அவ்வாண்டு செப்டம்பரில் ரவி நாராயண ரெட்டி, மக்தூம் மொகிதீன், பத்தம் எல்லா ரெட்டி ஆகியோர் ஆயுதப் போராட்டத்திற்கு அழைப்பு விடுத்தனர். ஏறத்தாழ 3,000 ஊர்களில் மக்கள் குழுக்கள் ஆட்சி நடத்தியதாகவும் 10 இலட்சம் ஏக்கர் பகிர்ந்தளிக்கப்பட்டதாகவும் கட்சியின் கணக்கு கூறுகிறது.

கூட்டணியின் முரண்பாடு

நிலப் பகிர்வில் வகுத்த உச்சவரம்பு, கூட்டணியின் இயல்பைக் காட்டுகிறது. சுந்தரய்யா தரும் விவரப்படி, முதலில் 500 ஏக்கராக இருந்த வரம்பு 200 ஆகக் குறைந்து, இறுதியில் 100 ஏக்கர் புன்செய், 10 ஏக்கர் நன்செய் என நின்றது. வசதியான உழவரை இழக்காமலிருக்கவே இவ்வளவு உயர்ந்த வரம்பு தேவைப்பட்டது. இவ்வரம்புக்குள் கூலித்தொழிலாளருக்குக் கூலி உயர்வும் தரிசு நிலமும் கிடைத்தன. ஆனால் அவர்கள் உழைத்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறவில்லை. எழுச்சியில் நடுத்தர, வசதியான உழவரின் பங்கை வலியுறுத்திய டி. என். தனகரேயின் ஆய்வு இவ்விடத்தில் பொருத்தமுடையது.

1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்து, 17 அன்று நிஜாம் சரணடைந்தபின் இம்முரண்பாடு வெளிப்பட்டது. ரஜாக்கர் அச்சம் நீங்கியதால் வசதியான உழவர் விலகினர். ஓடியிருந்த கிழார்கள் ஊர் திரும்பினர். போராட்டத்தைத் தொடர்வதை ரவி நாராயண ரெட்டி எதிர்த்தார், பிறர் தொடர்ந்தனர். ஆயுதக் குழுக்கள் காடுகளுக்குள் பின்வாங்கி, கோதாவரிக் கரையிலுள்ள கோயா பழங்குடியினரிடையே இயங்கின. 1951 அக்டோபரில் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் உயிரிழந்தனர் என்பது கட்சியின் கணக்கு.

அரசின் மறுமொழி

எழுச்சியின் வேர் நிலத்தில் இருப்பதை அரசும் உணர்ந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகீர் ஒழிப்பு ஒழுங்குவிதியும் 1950இல் குத்தகைச் சட்டமும் வந்தன. 1951 ஏப்ரல் 18 அன்று நல்கொண்டாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவேவிடம் தாழ்த்தப்பட்டோர் 80 ஏக்கர் கேட்க, வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் அளித்தார். பூதான இயக்கம் அங்கேயே தோன்றியது. எனினும் சட்டம் ‘பாதுகாக்கப்பட்ட குத்தகையாளர்’ என அறிவித்தோரில் பலர் வெளியேற்றப்பட்டதையும், ‘விருப்ப ஒப்படைப்பு’ என்ற பெயரில் நிலத்தை விட்டுக்கொடுத்ததையும் ஏ. எம். குஸ்ரோவின் 1958ஆம் ஆண்டு ஆய்வு பதிவு செய்தது. 1952 தேர்தலில் மக்கள் சனநாயக முன்னணி சட்டமன்றத்தின் 175 இடங்களில் 42 இடங்களை வென்றது. நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் ரவி நாராயண ரெட்டி மிகப் பெரும் வாக்கு எண்ணிக்கையில் வெற்றி பெற்றார். ஆயுதம் கீழே வைக்கப்பட்டபின்னும் கோரிக்கை உயிருடன் இருந்தமைக்கு இது சான்று.

முடிவுரை

தெலங்கானாவில் வறுமை எழுச்சிக்கு அடித்தளமாயிற்று. ஆனால் அதைத் தூண்டியது, நிலத்தைக் கொண்டு மனிதரின் உழைப்பையும் மதிப்பையும் ஆண்ட அதிகாரம். அவ்வதிகாரம் பல தரத்து உழவரையும் நசுக்கியதால் பரந்த கூட்டணி சாத்தியமானது. அமைப்பு வலிமை இருந்த இடத்தில் அது போராட்டமானது. வெட்டி ஒழிப்பு அனைவருக்கும் பொதுவான கோரிக்கையாதலின் அது நிறைவேறியது. நிலப் பகிர்வோ கூட்டணிக்குள்ளேயே நலன்களைப் பிரித்தது. அதனால் பாதியில் நின்றது. முதலில் வெட்டிக்கு உட்பட்டிருந்த நிலமற்ற தாழ்த்தப்பட்டோரே, அனைத்தும் முடிந்தபின்னும் பெரும்பாலும் நிலமற்றோராக எஞ்சினர். ஊரக எழுச்சிகளின் வெற்றி தோல்விகளை மதிப்பிடுவோர், எத்தனை ஊர்கள் விடுதலை பெற்றன என்பதோடு, அவ்வூர்களில் யார் கைக்கு நிலம் சென்றது என்பதையும் கணக்கில் கொள்வது இன்றியமையாதது.