கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ்: உலாவிகளின் எழுத்துக் கோளாறு தீர்ந்த வரலாறு

1990-களின் பிற்பாதியில் வீட்டுக் கணினியில் தமிழ் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தவர்களுக்குத் திரையில் பெரும்பாலும் தமிழ் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த வரிகளோ, தலையில் கோடும் புள்ளியும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளோதான் வந்தன. சில ஆண்டுகள் கழித்து வெற்றுக் கட்டங்கள் வந்தன. உலாவி கெட்டுவிட்டதென்று அதை நீக்கி மறுபடி நிறுவினாலும் பயன் இல்லை. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்தைக் குறிக்கும் என்பதில் உடன்பாடு இல்லாததே கோளாறின் வேர். அந்த உடன்பாடு ஏற்படும்வரை அதைச் சரிசெய்யும் சுமை வாசகர் தலையிலேயே இருந்தது.

அன்றைய எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு உரியவை. பாமினி, மயிலை போன்ற தொடக்கக்கால எழுத்துருக்கள் அந்த ஆங்கில இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தின. பாமினியில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரிந்தது. எழுத்துருக் கோப்பைத் தரவிறக்கி, கன்ட்ரோல் பேனலில் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையில் இட்ட பிறகே அது தமிழானது. தளத்துக்குத் தளம் எழுத்துரு மாறியதால், பல இதழ்களைப் படித்தவர் பல எழுத்துருக்களை வைத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தச் சிதறலைக் குறைக்க இணையத்தில் கூடிப் பேசிய தமிழ்த் தன்னார்வலர்கள் டிஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினார்கள். ஆங்கிலத்தைக் கீழ்ப் பாதியில் அப்படியே விட்டு, மேல் 128 இடங்களில் தமிழை வைத்தது அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. குழப்பம் குறைந்தாலும் முற்றாகத் தீரவில்லை. டிஸ்கிப் பக்கத்தைப் படிக்க எழுத்துரு மட்டும் போதவில்லை; உலாவியின் வியூ பட்டியலில் என்கோடிங் என்பதைத் திறந்து, ‘யூசர் டிஃபைன்டு’ என்று மாற்றி, அதற்குரிய எழுத்துருவையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் சில பக்கங்களில் ‘இ’ மட்டும் காணாமல் போனது. டிஸ்கியில் இகரம் இருந்த 173-ஆம் இடம், ஐரோப்பியக் குறியீட்டில் வரி உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக்கோட்டுக்கு உரியது. உலாவி அதை மறைத்தே வைத்தது. பின்னர் வந்த திருத்தப் பதிப்பில் இகரத்துக்கு வேறு இடம் கிடைத்தது.

எழுத்துருவை வாசகர் நிறுவத் தேவையில்லாமல் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முயற்சியும் நடந்தது. 1997-இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, நெட்ஸ்கேப் 4 ஆகிய இரண்டும் இதற்கு வழி செய்தன. ஆனால் ஒன்றுக்கென ஆக்கிய எழுத்துருவை மற்றது படிக்கவில்லை. ஒரே பக்கம் ஓர் உலாவியில் தமிழாகவும் மற்றதில் குப்பையாகவும் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலையான தீர்வு, பல மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது; வீட்டுக் கணினிகள் அதற்குத் தயாராகப் பல ஆண்டுகள் ஆயின. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியுமாகவே சேமிக்கப்படும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து நிறுத்துவது திரையில் வரையும் நிரலின் வேலை. மைக்ரோசாஃப்ட் இயங்குதளங்களில் விண்டோஸ் 2000 முதன்முதலாக லதா எழுத்துருவுடன் தமிழுக்கு ஆதரவு தந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டையும் செருக வேண்டியிருந்தது. அதைச் செய்யாத கணினிகளில் கட்டங்கள் வந்தன. எழுத்துருவை மட்டும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்காக அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய தேனீ எழுத்துருவைப் பல வலைப்பதிவர்கள் தங்கள் பக்கங்களில் இணைத்தார்கள்.

யூனிகோடுப் பக்கமும் சில நேரம் சிதைந்தது. பக்கத்தை எழுதியவர் குறியீட்டின் பெயரைத் தலைப்பகுதியில் சொல்லாமல் விட்டால் உலாவி அதை ஐரோப்பிய எழுத்தாகக் கருதிக்கொள்ளும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள் என்பதால், ஒவ்வொன்றும் மூன்று அந்நியக் குறிகளாக விரியும். முதற்குறி எப்போதும் தலையில் சாய்கோடிட்ட சிறிய ‘ஏ’. அதைக் கண்டவுடன் என்கோடிங் பட்டியலில் யூடிஎஃப்-8 என்று மாற்றச் சொல்வார்கள் விவரம் அறிந்தவர்கள்.

2007-இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் தமிழ் ஆதரவு தொடக்கத்திலேயே இயங்கியது. 2008 ஜூனில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3 எழுத்துகளை வரையும் முறையையே மாற்றியமைத்ததால், கொம்பு இடம் மாறும் சிக்கல் நீங்கியது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் பழைய முயற்சியும் எல்லா உலாவிகளுக்கும் பொதுவான வோஃப் வடிவமாகி, 2012-இல் இணையத் தரமானது. 2021-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 91 நீண்ட என்கோடிங் பட்டியலை எடுத்துவிட்டு, சிதைந்த எழுத்தைத் தானே கணித்துச் சரிசெய்யும் ஒற்றைக் கட்டளையை வைத்தது.

இன்று இந்தக் கோளாறு பெரும்பாலும் பழைய கோப்புகளிலும் கைவிடப்பட்ட தளங்களிலுமே எஞ்சியுள்ளது. அவற்றைப் படிக்கச் சுரதா என்பவர் உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற குறியீட்டு மாற்றிகள் உதவுகின்றன. பழைய குறியீட்டில் உள்ளதை வெட்டி ஒட்டினால் யூனிகோடாகத் தருகின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முன்பு டிஸ்கியில் வெளியிட்ட இலக்கியங்களை யூனிகோடிலும் தந்தது. அப்படி மாற்றப்பட்டவை தேடுபொறியில் அகப்படுகின்றன, எந்த உலாவியிலும் திறக்கின்றன. மாற்றப்படாதவை உரிய எழுத்துரு கிடைக்கும்வரைதான் படிக்கக் கூடியவை. முதல் தலைமுறை இணையத் தமிழ் எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றும் பணி இன்னும் முடியவில்லை. அது தள்ளிப்போடக் கூடாத பணி.