ஒரே மொழி, இரு செயலிகள்: பிபிசி பேசிக் இடம்பெயர்ந்த வரலாறு

1980களின் வீட்டுக் கணினிகளைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறுகளாகவே எழுதப்படுகின்றன. ஓர் இயந்திரத்திற்கென உருவான நிரல்மொழி மற்றோர் இயந்திரத்துக்குச் செல்லும்போது எது மொழியாக எஞ்சுகிறது, எது பழைய இயந்திரத்தோடு நின்றுவிடுகிறது என்ற வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. பிபிசி பேசிக் அவ்வினாவை ஆராய ஏற்ற சான்று.

1981 டிசம்பரில் வெளிவந்த பிபிசி மைக்ரோவுக்காக ஏகார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சன் எழுதிய இம்மொழி 16 கிலோபைட் ரோமுக்குள் அடங்கியது. அக்காலப் பேசிக் வகைகள் பலவும் வரி எண்ணுக்குத் தாவும் ‘கோடூ’, ‘கோசப்’ கட்டளைகளையே நம்பியிருந்தன. வில்சன் அதனோடு பெயரிட்ட செயல்முறைகளையும், அவற்றுக்குள் மட்டும் வாழும் மாறிகளையும், தன்னைத்தானே அழைக்கவல்ல சார்புகளையும், உள்ளமைந்த அசெம்ப்ளரையும் சேர்த்தார்.

இந்நீட்சிகளோடு மொழியை இசட்80 செயலிக்குக் கொண்டுசென்றவர் பிபிசியின் பொறியாளரான ரிச்சர்ட் ரஸ்ஸல். 6502 செயலியின் வன்பொருள் அடுக்கு 256 பைட் மட்டுமே. ஆகவே செயல்முறை அழைக்கப்படும்போதெல்லாம் வில்சனின் மொழிபெயர்ப்பி அவ்வடுக்கில் இருப்பதை வேறிடத்தில் பெயர்த்துவைத்து, திரும்பும்போது மீட்டது. இசட்80இன் அடுக்குச்சுட்டி 16 பிட் அளவினது. அடுக்கை நினைவகத்தின் எப்பகுதியிலும் அமைக்கலாம். அங்கே அந்தச் சுற்றுவழிக்குத் தேவையில்லை. எனவே மூலநிரலை வரிக்கு வரி பெயர்ப்பதில் பயனில்லை. மொழியின் நடத்தையைக் காத்து, உள்ளமைப்பைப் புதிதாக எழுதுவதே வழி.

நடத்தையிலும் எல்லைகள் இருந்தன. அசெம்ப்ளர் என்னும் வசதி தொடர்ந்தது. ஆனால் அது ஏற்றது இசட்80 கட்டளைகளை. 6502க்கு எழுதிய பகுதிகள் கரை சேரவில்லை. சிபிஎம் இயங்குதளத்துக்கான பொதுப் பதிப்பில், ஒலி போன்ற வன்பொருள் சார்ந்த கட்டளைகளுக்குக் கிடைத்த விடை ‘சாரி’ என்ற ஒற்றைச் சொல்தான்.

கோப்பின் வடிவமும் வேறுபட்டது. ஏகார்ன் வடிவத்தில் வரி எண்ணின் உயர் பைட் முதலில் வரும், நீளம் அதன் பின்னர் வரும். ரஸ்ஸலின் வடிவத்தில் நீளம் முதலில், பிறகு வரி எண்ணின் தாழ் பைட். திரையில் ஒன்றாகத் தோன்றும் நிரல் வட்டில் இரண்டாக இருந்தது. இரண்டுக்கும் பொதுவாக நின்றது பட்டியலிட்ட உரைவடிவம்.

இதில் இந்திய ஆய்வாளருக்கும் ஒரு படிப்பினை உண்டு. 1984இல் நம் பள்ளிகளில் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டம் பிபிசி மைக்ரோவையே தேர்ந்தெடுத்தது. அக்காலப் பாடநிரல்களைப் பாதுகாக்க முனைவோர் வட்டின் பைட்டுகளை நகலெடுப்பதோடு நின்றுவிடலாகாது. உரைப்பட்டியலையும் உடன் சேமிக்க வேண்டும். வட்டு நகல் ஓர் இயந்திரத்தின் சான்று. உரைப்பட்டியலோ மாணவர் உண்மையில் படித்து எழுதிய மொழியின் சான்று.