நெகட்டிவ் என்ற அடமானம்

போட்டோ ஸ்டுடியோவில் எதற்குக் காசு கொடுக்கிறோம்? படம் எடுத்ததற்கு என்று நினைக்கிறோம். பழைய கணக்கு வேறு.

1839இல் பாரீசில் அறிமுகமான டாகேரோடைப் முறையில் நெகட்டிவ் கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகடு ஒன்று, அதில் ஒரே ஒரு படம். பணத்தைக் கொடுத்துத் தகட்டை வாங்கினால் கணக்கு முடிந்தது. 1851இல் கொலோடியன் கண்ணாடி நெகட்டிவ் வந்ததும் வியாபாரமே மாறியது. ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை காப்பி வேண்டுமானாலும் போடலாம். 1854இல் டிஸ்டேரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரே கண்ணாடியில் பல சின்னப் படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை சரிந்தது, படங்கள் டஜன் கணக்கில் விற்றன.

நான் இருக்கும் கொல்கத்தாவில் 1860களில் தொடங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்டு, படங்களுக்கு எண் போட்டு கேட்டலாக்கே வெளியிட்டது. ஒருமுறை எடுத்த படம், வருஷக்கணக்கில் வருமானம்.

நம்மூர் சின்ன ஸ்டுடியோவிலும் இதே கதைதான். பாதி அட்வான்ஸ், மீதி படம் வாங்கும்போது, நெகட்டிவ் கடையிலேயே. நாலு வருஷம் கழித்து அத்தைக்கு ஒரு கல்யாணப் படம் வேண்டுமென்றாலும் அங்கேதான் போகவேண்டும். வங்கிக்காரன் கண்ணுக்கு அது அடமானம் மாதிரிதான். ஆனால் லோன் கேட்டு வருபவர் சொத்துக் கணக்கில் கேமராவையும் லைட்டையும்தான் எழுதுவார், நெகட்டிவ் பெட்டியை எழுதமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்குத்தான் பதிப்புரிமை. ஆக, உரிமை நம்முடையது, பெட்டிச் சாவி கடைக்காரருடையது!

அந்தப் பெட்டிக்கு ஏதாவது ஆனால் இரண்டு பேருக்கும் நஷ்டம். 1991 தீ விபத்தில் போர்ன் அண்ட் ஷெப்பர்டின் பழைய சேமிப்பில் பெரும்பகுதி எரிந்துபோனது. 2016இல் கடையையும் மூடிவிட்டார்கள்.

டிஜிட்டல் வந்தபின் ஃபைல் நம் கைக்கே வந்துவிடுகிறது. காப்பி போட யாரும் திரும்பிப் போவதில்லை. பத்து வருஷத்தில் சில்லறையாக வந்த காசை ஸ்டுடியோக்காரர் இன்று ஒரே பில்லில் வாங்கியாக வேண்டியிருக்கிறது. "பட்டனைத் தட்டுவதற்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசும்போதே எத்தனை ஃபைல், எப்போது கைக்கு வரும், மீதிப் பணம் எப்போது என்று எழுதி வாங்குங்கள். பணம் கட்டிய கையோடு இரண்டு இடத்தில் சேமித்தும் வையுங்கள். இனி அந்தப் பெட்டியைக் காப்பது நம் பொறுப்பு.