விடிய விடிய: கூத்தும் எங்கட நேரமும்

ஓர் இரவு எவ்வளவு நீளம்? கடிகாரத்தைக் கேட்டால் பன்னிரண்டு மணித்தியாலம் எண்டு சொல்லும். மட்டக்களப்பில கூத்துப் பார்த்து வளர்ந்த ஒரு பெரியவரைக் கேட்டால் வேற கணக்குச் சொல்லுவார்: கட்டியகாரன் வரக்குள்ள ஊர் அடங்கிட்டு, ராசா வரக்குள்ள நடுச்சாமம், போர் முடியக்குள்ள கிழக்கு வெளுத்திட்டு. அவருடைய இரவுக்கு மணி இல்லை, வரவுகள்தான் இருக்கின்றன.

வரலாறு எண்டதும் எங்களுக்கு அரசர்களும் யுத்தங்களும் திகதிகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் சனம் நேரத்தை எப்படி உணர்ந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கு. அதைத் தேடிப்போனால் வட்டக்களரியில்தான் போய் நிற்போம்.

வடமோடிக் கூத்து ஒன்று களரி ஏறுவதற்கு முன் மாதக்கணக்கில பழக்கம் நடக்கும். அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், பிறகு சதங்கை அணி விழா, கடைசியில அரங்கேற்றம். அந்த இரவில களரியைச் சுற்றிச் சனம் பாய் விரிச்சு இருக்கும். ஒவ்வொரு பாத்திரமும் மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் ஆடிக்கொண்டு வந்து, தான் யாரென்று பாடும். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்கள். ஆட்டம் விரைந்து, தாளம் தீர்ந்து, ஆள் நிற்கும். பிறகு அடுத்த வரவு. பிள்ளைகள் இடையில நித்திரை கொள்ளும், மத்தளச் சத்தம் மாறினால் எழும்பும். யாரும் நேரம் பார்க்க மாட்டார்கள், பார்க்கத் தேவையும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தன் பெரிய உளவியல் நூலில் நேரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறார். பலவிதமான புது அனுபவங்கள் நிறைந்த நேரம், கழியும்போது சின்னதாகத் தெரியும். பின்னால நினைத்துப் பார்க்கும்போது நீண்டதாகத் தெரியும். வெறுமையான நேரம் இதுக்கு நேர்மாறு. வயது போகப் போக வருசங்கள் ஓடுவது போல இருப்பதற்கும், எல்லாம் பழகிப்போய் ஒரே மாதிரி ஆகிவிடுவதே காரணம் என்பது அவருடைய எண்ணம். ஒரே ஒரு கூத்து இரவு ஒருவருடைய வாழ்க்கையில ஒரு வருசத்தை விடப் பெரிதாக இருப்பது ஏன் எண்டு இதில இருந்து விளங்கும்.

ஆனால் கூத்தில புதுசு எங்கே இருக்கு என்று நீங்கள் கேட்கலாம். கர்ணன் சாகப் போறான் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரிதான், கதை பழசு. புதுசாக இருப்பது ஆள். நேற்று வரைக்கும் வயலில நின்ற அண்ணன் இண்டைக்குக் கிரீடத்தோட வாறான். அந்தத் தாளக்கட்டை அவன் பிழையில்லாமல் ஆடி முடிப்பானா, விடியச்சாமத்தில அவன் குரல் நிற்குமா? இது அண்ணாவியாருக்கும் தெரியாது. நேரடி இசையின் பலம் இதுதான். தெரிஞ்ச கதையைக்கூட முதல் தடவை நடக்கிற மாதிரி அது ஆக்கிப்போடும்.

இந்த நேரம் முதலில மாறினது பல்கலைக்கழகத்தில். 1956இல் சரச்சந்திர சிங்கள நாடகம மரபில இருந்து 'மனமே'யை உருவாக்கினார். அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கூத்திலேயே இருக்கு. அதே பேராதனையில 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார்: கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்வு செய்தார். விடிய விடிய நடந்த கூத்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் வந்தது. படச்சட்ட மேடை, மின்விளக்கு, கதிரையில இருக்கிற பார்வையாளர். இந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் கூத்து எங்கட பாடத்திட்டத்துக்குள் வந்தே இருக்காது. அந்த நன்றி எங்களுக்கு இருக்கு. ஆனாலும் மேடைக்கு ஆட்டமும் பாட்டும் வந்தன, இரவு வரேல்லை.

பிறகு யுத்தம் வந்து இரவையே எடுத்துக்கொண்டது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, இடப்பெயர்வு. விடியுமட்டும் மத்தளம் அடிப்பது பல ஊர்களில நினைக்கவே முடியாத காரியமாய்ப் போனது. யுத்த இரவுகளும் நீளம்தான். ஆனால் அவை வரவுக்காகக் காத்திருந்த இரவுகள் இல்லை, ஒருவரும் வந்திடக் கூடாது எண்டு காத்திருந்த இரவுகள். கடிகாரமும் இந்தப் பிளவுக்குத் தப்பவில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில இடையில எல்லாம் பழைய நேரமே நடந்தது. எழுவான்கரை, படுவான்கரை என்று சூரியனை வைத்து ஊருக்குப் பெயர் வைத்த நாட்டில, அதிகாரத்தை வைத்து மணி பார்க்க வேண்டி வந்தது.

இப்ப ஊரடங்கு இல்லை. கூத்து மீண்டும் களரி ஏறுது. சீலாமுனையில சி. ஜெயசங்கரும் ஊராரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் போன்ற முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் விழாக்களில கூத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குறார்கள், அமைச்சர் பேச்சு நீண்டால் அதுவும் குறையும். மிச்சத்தை நாங்கள் ஃபோனில ஒரு நிமிசத் துண்டாகப் பார்க்கிறோம். அப்படி ஐம்பது துண்டு பார்த்த இரவில எதுவும் அடுத்த நாள் நினைவில நிற்பதில்லை. ஜேம்ஸ் சொன்ன வெறும் நேரம் இதுதானோ என்று யோசிக்க வேண்டியிருக்கு.

அதனால நாங்கள் கேட்பது சின்ன விஷயம். பீடத்துக் கலைவிழாவுக்கு அடுத்த முறை அண்ணாவியார் ஒருவரை அழைக்கும்போது, "எத்தனை நிமிசம் வேணும்?" எண்டு கேட்காமல் ஓர் இரவை முழுசாக அவரிடம் குடுப்போம். பாய் நாங்கள் கொண்டுவாறோம்.