பாலைவன மரப்பேன்கள்: புதிய சிற்றினங்களை அடையாளம் காணலும் விவரித்தலும்

பாலைவன மரப்பேன்கள், நண்டும் இறாலும் அடங்கிய கிரஸ்டேசியா தொகுதியில் ஐசோபோடா வரிசையைச் சேர்ந்த, வறண்ட நிலங்களில் வாழும் சிறு உயிரினங்கள். ஏழு இணை நடைகால்களும், தட்டையான அல்லது குவிந்த முதுகுத் தகடுகளும், வயிற்றின் அடியில் ஐந்து இணை இலைபோன்ற வயிற்றுக்கால்களும் இவற்றுக்கு உண்டு. கடல் முன்னோரிடமிருந்து கிளைத்து முழுமையாகக் கரையேறிய மிகச் சில கிரஸ்டேசியக் கூட்டங்களுள் மரப்பேன்களே எண்ணிக்கையில் முதலிடம் பெறுபவை. ஹெல்முட் ஷ்மால்ஃபுஸ் 2003-இல் வெளியிட்ட உலகப் பட்டியலில் 3,600-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் இடம்பெற்றன. அதன்பின் அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஈரம் இருந்தால்தான் பிழைக்கும் என்று பொதுவாகக் கருதப்படும் இவ்வுயிரினத்தின் சில கிளைகள் சகாரா, நெகேவ், ஈரானிய மேட்டுநிலம், நடு ஆசியப் புல்வெளிகள், அரிசோனா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் வறட்சியிலும் நிலைபெற்றிருக்கின்றன. இவற்றில் ஒன்றைப் புதிய சிற்றினம் என்று அறிவிப்பது எளிய செயலன்று. புறவடிவம், ஆணின் இனப்பெருக்க உறுப்பு, மரபணு, நடத்தை ஆகிய ஒவ்வொன்றும் பாலைவனத்தில் தனக்கே உரிய விதத்தில் ஆய்வாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஆகவே தனித்தனியே பெறப்பட்ட சான்றுகள் ஒரே எல்லைக்கோட்டைக் காட்டும்போது மட்டுமே புதிய பெயர் சூட்டுவது முறை என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

வறட்சியும் புறவடிவமும்

மரப்பேனின் மேலோட்டில் பூச்சிகளுக்கு உள்ளதுபோல நீரை முழுமையாகத் தடுக்கும் மெழுகுப் படலம் இல்லை. ஆகவே வறண்ட நிலத்தில் வாழும் ஒவ்வொரு கிளையும் நீரிழப்பைக் குறைக்கும் வழியைத் தனியாகவே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. வழிகள் சிலவே என்பதால் விடைகளும் ஒன்றுபோலவே அமைந்தன. உடலைப் பந்தாகச் சுருட்டி மென்மையான அடிப்பகுதியை மூடிக்கொள்ளும் திறன் ஆர்மடில்லிடே, ஆர்மடில்லிடியிடே, டைலிடே உள்ளிட்ட பல குடும்பங்களில் வெவ்வேறாகத் தோன்றியது. அரிசோனாவின் வெனெசில்லோ அரிசோனிகஸும் ஐரோப்பாவில் எங்கும் காணப்படும் ஆர்மடில்லிடியம் வல்கேரும் பந்தாகச் சுருண்ட நிலையில் நெருங்கிய உறவினர்போலத் தோன்றினாலும் அவை இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஷ்மால்ஃபுஸ் 1984-இல் மரப்பேன்களை ஓடுபவை, தரையோடு ஒட்டிக்கொள்பவை, சுருள்பவை, முள்ளுடையவை, ஊர்பவை என்று வாழ்முறைக்கேற்ற வடிவங்களாகப் பிரித்தார். அந்தப் பிரிவுகள் குடும்ப எல்லைகளுக்குக் குறுக்கே ஓடுகின்றன. உடல்வடிவம் உறவைக் காட்டிலும் வாழிடத்தையே முதலில் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரே வாழிடம் தொலைவான உறவுகளை ஒன்றுபோலக் காட்டுவதுபோல, ஒரே சிற்றினத்துக்குள் இருக்கும் மாறுபாடு இரண்டு சிற்றினங்கள் இருப்பதாகவும் நம்ப வைக்கும். வட ஆப்பிரிக்காவிலிருந்து நடு ஆசியா வரை பரவியுள்ள ஹெமிலெபிஸ்டஸ் பேரினத்தில் தலையிலும் முன் மார்புக் கண்டங்களிலும் புடைப்புகள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையையும் வரிசையையும் கொண்டு சிற்றினங்களைப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் குஞ்சுகளில் இப்புடைப்புகள் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. நிறமோ அதைவிட நம்பத்தகாதது: சாராயத்தில் பாதுகாக்கப்பட்ட மாதிரி சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடும். மரப்பேன் தோலுரிப்பது இரண்டு கட்டங்களில்; முதலில் உடலின் பின்பாதி, பிறகு முன்பாதி. அந்த இடைவெளியில் பிடிபட்ட ஓர் உயிரியின் இரு பாதிகளும் நிறத்திலும் மேற்பரப்பிலும் வேறுபட்டுத் தெரியும். வயது, பால், தோலுரிக்கும் நிலை ஆகியவற்றைக் குறிக்காமல் எழுதப்படும் வருணனை, இயல்பான வளர்ச்சி மாற்றத்தையே புதிய சிற்றினத்தின் அடையாளமாக அறிவித்துவிடக்கூடும்.

ஆணின் வயிற்றுக்கால்கள்

புறவடிவத்தின் இந்தக் குறையை உணர்ந்த வகைப்பாட்டியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் ஆண் உயிரியின் வயிற்றுக்கால்களை நாடினர். முதல் இரு இணைகளின் உட்கிளைகள் விந்தைப் பெண்ணிடம் சேர்க்கும் கருவிகளாக மாறியிருப்பதால், முதல் வயிற்றுக்காலின் வெளிக்கிளை ஓரம் எப்படி வளைகிறது, உட்கிளை நுனி நேராக இருக்கிறதா வெளிப்புறம் திரும்புகிறதா, அங்கே நுண்முட்கள் எத்தனை வரிசை என்பவை சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுகின்றன. இதைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். உருப்பெருக்கியின் கீழ் மாதிரியை மல்லாத்தி வைத்து, நுண் ஊசிகளால் வயிற்றுக்காலை அடிமூட்டோடு பிரித்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியோடு இணைந்த வரைகருவியின் துணையால் கோடு கோடாக வரைய வேண்டும். தகட்டின் மேல்மூடி சற்று அதிகமாக அழுத்தினாலே வெளிக்கிளையின் வளைவு மாறித் தெரியும். இவற்றோடு ஏழாம் நடைகாலின் வடிவம், வால்தகட்டின் அளவு ஆகியவையும் அளக்கப்படுகின்றன. ஆல்பெர் வாந்தெல் 1960, 1962 ஆண்டுகளில் வெளியிட்ட பிரான்சின் மரப்பேன் நூல்கள் மூலம் பரவலான நோடுலை லேட்டராலிஸ் என்ற சிறப்பு உணர்முள்களும் கணக்கில் வருகின்றன. ஒவ்வொரு மார்புக் கண்டத்தின் இருபுறமும் உள்ள இம்முள், தகட்டின் பக்க ஓரத்திலிருந்தும் பின் ஓரத்திலிருந்தும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை விகிதமாக்கி வரைபடமாக இட்டால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சிற்றினங்கள் பிரிந்து நிற்பதுண்டு.

ஆயினும் இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. பெண்ணையும் இளம் உயிரிகளையும் இது கைவிட்டுவிடுகிறது. ஒரு திரட்டில் பெண்களே கிடைத்தால் அந்தத் திரட்டுக்குப் பெயரே கிடைக்காது. அதோடு ஆண் முதிர்ச்சி அடையும்வரை வயிற்றுக்காலின் வடிவம் தோலுரிப்புக்குத் தோலுரிப்பு மாறிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரே ஓர் ஆணைக் கொண்டு வரையப்பட்ட படம் அச்சிற்றினத்தின் வடிவத்தைக் காட்டுகிறதா, அந்த வயதின் வடிவத்தைக் காட்டுகிறதா என்று படிப்பவரால் சொல்ல முடியாது. பல ஆண்களை அளந்து மாறுபாட்டின் வீச்சையும் தருவதே இதற்கு மாற்று.

பழைய பெயர்களின் சுமை

புதியது என்று சொல்வதற்கு முன் பழையவை எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டும். டென்மார்க்கின் குஸ்தாவ் புட்ட-லுண்ட் 1885-இல் லத்தீனில் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் அடித்தளம். பாலைவனச் சிற்றினங்கள் பலவற்றின் பெயர்கள் அவர் சூட்டியவை. ஆனால் அன்றைய சுருக்கமான வருணனைகள் இன்று கேட்கப்படும் வினாக்களுக்கு விடை தருவதில்லை. மிக நன்றாக அறியப்பட்ட ஹெமிலெபிஸ்டஸ் ரியோமூரியின் பெயரைக்கூடச் சிலர் 1840-இல் மில்ன் எட்வர்ட்ஸ் வெளியிட்டதாகவும், சிலர் எகிப்தைப் பற்றிய பிரெஞ்சுப் பெருந்தொகுப்புக்காக சவீனி வரைந்த படங்களோடு சேர்த்து அதற்கு முந்தையதாகவும் எழுதுகின்றனர். இப்பேரினம் முதலில் போர்செல்லியோனிடே குடும்பத்தில் வைக்கப்பட்டது. கிறிஸ்டியன் ஷ்மிட் 2003-இல் நிறுவிய அக்னரிடே குடும்பத்தில் இன்று வைக்கப்படுகிறது. டெசர்டெல்லியோ ஒரு காலத்தில் ஹெமிலெபிஸ்டஸின் உட்பேரினமாகவே கருதப்பட்டது. சோவியத் ஆய்வாளர் போருட்ஸ்கி 1958-இல் ஆப்கானிக்கஸையும், லிங்கன் 1970-இல் ஈரானின் ஷிராசியையும் ஹெமிலெபிஸ்டஸ் பேரினத்தில் விவரித்தனர். ஆகவே ஈரானிலோ துருக்மேனிஸ்தானிலோ ஒரு மாதிரியைக் கையில் எடுப்பவர் ரஷ்ய, ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன் நூல்களில் சிதறிக் கிடக்கும் வருணனைகளோடு ஒப்பிட வேண்டும். அருங்காட்சியகங்களில் உள்ள மூலமாதிரிகளையும் மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் சூட்டப்படும் பெயர் பெரும்பாலும் பழைய பெயரின் மறுபதிப்பாகவே முடியும். அப்படிப்பட்ட பெயர் செல்லாததாக அறிவிக்கப்பட்ட பிறகும் இலக்கியத்தை விட்டு மறைவதில்லை. அடுத்து வருபவர் ஒவ்வொருவரும் அதை ஆராய்ந்து ஒதுக்க வேண்டியிருக்கும்.

மரபணுச் சான்றின் வலிமையும் வரம்பும்

இத்தனை உழைப்பும் எதற்கு, மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுத் துண்டு ஒன்றை வாசித்தால் போதாதா என்பது வலுவான மறுப்பு. 2003 முதல் பரவிய மரபணுப் பட்டைக்குறி முறை பெண்ணுக்கும் குஞ்சுக்கும் ஒடிந்த காலுக்கும்கூடப் பெயர் தேடித் தருகிறது என்பது உண்மை. ஆணின் உறுப்பு விட்டுவைத்த இடைவெளியை அதுவே நிரப்புகிறது. ஆனால் அதைத் தனிச் சான்றாகக் கொள்ள மரப்பேன்களின் உயிரியல் இடம் தருவதில்லை. இவற்றுக்கு நீந்திப் பரவும் இளவுயிரிப் பருவம் இல்லை. தாயின் அடிப்புறத்தில் நீர் நிறைந்த பையில் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் பெரும்பாலும் தாயின் வடிவத்திலேயே வெளிவந்து நடக்கத் தொடங்குகின்றன. நடந்தே பரவ வேண்டிய உயிரினத்தில், உப்புப் படுகையோ மணற்குன்றுத் தொடரோ பிரித்த இரண்டு கூட்டங்கள் இனப்பெருக்கத்தில் தடை ஏதும் தோன்றாமலே மரபணுவில் வெகுதூரம் விலகிவிடலாம். அந்த விலகலைச் சதவீத வரம்பு ஒன்றால் அளந்து சிற்றினம் என்று பெயரிட்டால், ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு பெயர் வந்து சேரும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. வோல்பாகியா என்ற நுண்ணுயிரி மரப்பேன்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. ஆர்மடில்லிடியம் வல்கேரில் அதன் ஒரு வகை, மரபால் ஆணாக வளர வேண்டிய உயிரியைப் பெண்ணாக்கிவிடுகிறது. இந்நுண்ணுயிரியும் மைட்டோகாண்ட்ரியாவும் தாய்வழியாகவே கடத்தப்படுவதால், நுண்ணுயிரி ஒரு கூட்டத்தில் பரவும்போது தன்னோடு சேர்ந்த மைட்டோகாண்ட்ரிய வகையையும் பரப்புகிறது. அப்போது மைட்டோகாண்ட்ரியா சொல்லும் வரலாறு நுண்ணுயிரியின் வரலாறாக இருக்கலாம். விலங்கின் வரலாறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே உட்கரு மரபணுக்களும் அதே பிரிவைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது இக்குழுவில் தவிர்க்க முடியாதது. மறுபுறம், மரபணுவைப் புறக்கணிப்பதும் தவறு. கலிபோர்னியக் கரைகளின் லிஜியா ஆக்ஸிடென்டாலிஸ் ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டிருந்தது. மரபணு ஆய்வுதான் அதற்குள் ஆழ்ந்து பிரிந்த பல வழிமரபுகள் இருப்பதை வெளிப்படுத்தியது. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று மரபணு சுட்டுகிறது. அங்கே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மற்றச் சான்றுகளும் வேண்டும்.

நடத்தை தரும் சான்று

ஒன்றோடொன்று கூடி இனம் பெருக்குகின்றனவா என்று சோதித்தால் போதும் என்பது இன்னொரு மறுப்பு. நெகேவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஹெமிலெபிஸ்டஸ் ரியோமூரி இதற்கு விடை சொல்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் இச்சிற்றினம் வளை தோண்டி, ஆணும் பெண்ணும் இணையாகச் சேர்ந்து, வாயிலை மாறிமாறிக் காவல் காக்கிறது. வெயில் ஏறும்போது வளையின் ஆழத்தில் உள்ள ஈரமே குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. குஞ்சுகள் பெற்றோருடனேயே தங்கிப் பின்னர் தோண்டும் வேலையிலும் பங்குகொள்கின்றன. ஜெர்மன் விலங்கியலாளர் கார்ல் எட்வார்ட் லின்சென்மையர் 1970-களிலும் 1980-களிலும் செய்த ஆய்வுகள், ஒவ்வொரு குடும்பமும் மேலோட்டில் உள்ள, ஆவியாகாத வேதிப்பொருள்களின் கலவையால் தன்னவரை அறிகிறது என்றும், அயலாரை வாயிலிலேயே விரட்டுகிறது என்றும் காட்டின. விரட்டப்படும் அயலாரும் அதே சிற்றினத்தவர்தாம். எனவே இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று விரட்டுவதைக் கண்டு அவற்றை இரண்டு சிற்றினங்கள் என்று முடிவுகட்ட இயலாது. கூண்டில் நடத்தும் கலப்புச் சோதனையும் அதே அளவுக்கு ஐயத்துக்குரியது. வேறு துணை இல்லாத அடைப்பில் இணைசேரும் இரண்டு, திறந்த நிலத்தில் ஒருபோதும் சந்திக்காதவையாக இருக்கலாம். ஆயினும் வளையின் ஆழம், இனப்பெருக்கக் காலம், விரும்பும் மண் ஆகியவை துணைச் சான்றாக மதிப்புள்ளவை. ஒரே இடத்தில் அருகருகே வாழும் இரண்டு கூட்டங்கள் இவற்றில் தெளிவாக வேறுபட்டு, மரபணுக் கலப்பும் காட்டாவிட்டால், பிரிவு உறுதியாகிறது.

விவரிப்பில் இருக்க வேண்டியவை

விலங்கியல் பெயரிடல் சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 1999-க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய சிற்றினப் பெயருக்கும் பெயரைத் தாங்கும் மூலமாதிரி வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். விதி கேட்பது குறைந்த அளவே. நல்ல வருணனை அதற்கு மேலும் தர வேண்டும். ஆண் ஒன்றை ஹோலோடைப்பாக, அதாவது பெயரைத் தாங்கும் ஒற்றை மூலமாதிரியாக அமைத்து, இரு பாலிலும் பல துணைமாதிரிகளை வைத்து, அவற்றில் சிலவற்றை மரபணுவுக்கென 96 விழுக்காடு சாராயத்தில் தனியே பாதுகாக்க வேண்டும். பிடித்த இடத்தின் ஆள்கூறு, மண், பருவம், வளையின் தன்மை ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கோடைத் திரட்டில் ஒன்று காணவில்லை என்பது அது அங்கே இல்லை என்பதற்குச் சான்றாகாது. வெயில் உச்சத்தில் பல சிற்றினங்கள் மண்ணுக்கடியில் இருக்கும். எல்லாவற்றிலும் மேலாக, திரட்டல் இரு முனைகளில் மட்டும் நின்றுவிடக் கூடாது. பாலைவனத்தில் திரட்டல் பெரும்பாலும் சாலையோரங்களையே சார்ந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் எடுத்த இரண்டு திரட்டுகள் வேறுபட்டால், இடையே படிப்படியான மாற்றம் இருக்கிறதா, திடீர் முறிவு இருக்கிறதா என்று நடுவில் உள்ள கூட்டங்களே சொல்லும்.

இப்படிக் கேட்பது வேலையைத் தாமதப்படுத்தும், வாழிடங்கள் அழிந்துவரும் காலத்தில் பெயரிடப்படாமலே பலவும் போய்விடும் என்ற கவலை நியாயமானது. பெயரில்லாத உயிரினம் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் விரைவு தேவைப்படுவது திரட்டுவதிலும் பாதுகாப்பதிலும் பதிவு செய்வதிலும்தான். அவற்றைப் பெயர் சூட்டாமலே உடனே செய்யலாம். தவறான பெயர் பாதுகாப்புக்கும் உதவாது. எடுத்துக்காட்டாக, ஹெமிலெபிஸ்டஸ் ரியோமூரி ஆழத்து மண்ணைத் தோண்டி மேலே கொணர்ந்து, எச்ச உருண்டைகளாக வளைவாயிலைச் சுற்றிக் குவிப்பதால் நெகேவ் மண்ணின் இயக்கத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தேள்களுக்கு இரையாகவும் அமைகிறது. இந்தப் பங்கை அளக்கும் ஆய்வின் அளவீடுகள் ஒரே சிற்றினத்தைக் குறிக்கின்றனவா, கலந்துபோன இரண்டைக் குறிக்கின்றனவா என்பது வகைப்பாட்டின் துல்லியத்தையே பொறுத்தது. கிடைத்தது ஒரே மாதிரி என்றாலும் அது எல்லா விதத்திலும் தனித்து நின்றால் விவரிக்கலாம். அப்போது எந்தச் சான்று இல்லை என்பதை வருணனையே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்தப் புதிய சான்று கிடைத்தால் இந்தப் பெயர் வீழும் என்று படிப்பவர் அறியும்படி எழுதப்பட்ட வருணனை, பின்னால் வருபவர் சோதித்து ஏற்கவோ திருத்தவோ இடம் தருகிறது. பாலைவன மரப்பேன்களுக்கு இதுவரை சூட்டப்பட்ட பெயர்களையும் இனிச் சூட்டப்படுபவற்றையும் அந்த அளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும்.